கேன்டீன் மாணவி

“உங்க பொண்ணு தினமும் காலேஜுக்கு வர்றா சார். கிளாஸுக்குத்தான் வர மாட்டேங்கறா.”

போனில் பேசியவர் கல்லூரித் துறைத்தலைவி. கேட்டுக்கொண்டிருந்தவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கையில் இருந்த பிரேமையும் குட்டி ஸ்க்ரூடிரைவரையும் மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“கிளாஸுக்கு வராம எங்க மேடம் போறா?”

“எங்கயும் போறதில்ல. கேன்டீன்லதான். நாலு பேரோட உட்கார்ந்து ஒரே அரட்டை. இப்படியே போனா பரீட்சை எழுத விட மாட்டாங்க, பேரையே எடுத்துடுவாங்க. ஒரு நடை வந்துட்டுப் போங்க.”

பக்கத்து நாற்காலியில் அவருடைய மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. அவன் காதுக்குத் தப்பி எந்தப் போன் பேச்சும் போய்விட முடியாது.

“தலைபாடா அடிச்சுக்கிட்டேனே அத்தான், கேட்டீங்களா?” என்று ஆரம்பித்தான்.

அடித்துக்கொண்டது உண்மைதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, “காலேஜ் எதுக்குப்பா? நான் கடையிலேயே உட்கார்ந்துக்கறேன்” என்று பெண்ணே சொன்னாள். சின்ன வயதிலிருந்தே சாயங்காலமானால் கடைக்கு வந்துவிடுகிறவள். லென்ஸைத் தேய்த்து பிரேமில் இம்மி பிசகாமல் பொருத்துவாள். “பாப்பா இல்லையா?” என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் அப்படியே திரும்பிப் போகிற வாடிக்கையாளர்கள்கூட உண்டு.

மச்சினனும் கூடவே ஒத்து ஊதினான். “இந்தக் காலத்துல எதை வேணும்னாலும் போன்லயே கத்துக்கலாம். மூணு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சு வாங்கற டிகிரியை வச்சு என்ன பண்றது? இவளை உட்கார வச்சு இன்னொரு கடை போடுங்க அத்தான்.”

கண்ணாடிக் கடைக்காரர் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர். அந்த விஷயத்தில் மட்டும் ஒரே பிடியாக நின்றார். “போகட்டும்” என்றார். ஏன் என்று கேட்டால், “சும்மா போகட்டுமே” என்றார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனாள்.

இப்போது என்னடாவென்றால் இப்படி.

“வண்டியை எடு” என்றார்.

மச்சினனுக்கு ஏக சந்தோஷம். “கையோட கூட்டிட்டு வந்துடுவோம். நாளையிலேர்ந்து கடையில உட்காரட்டும்.”

கேன்டீன் வாசலில் அவரை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான்.

உள்ளே ஜன்னலோர மேஜையில், முதுகைக் காட்டியபடி அவர் பெண் உட்கார்ந்திருந்தாள். மீன் தூங்குமா தூங்காதா என்று அங்கே பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“தூங்கும்டி. கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கும்.”

“அதெப்படி? நீ கிளாஸ்ல தூங்கற மாதிரியா?”

“லென்ஸு, நீ பேசாத. நான் தூங்கறதுக்காவது கிளாஸுக்குப் போறேன்.”

லென்ஸு என்பது தன் பெண்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடையில், “சொல்லுங்க சார், தூரத்துல தெரியலையா, கிட்டத்துல தெரியலையா?” என்று பெரிய மனுஷி மாதிரி விசாரிக்கிறவள், இங்கே மேஜைமேல் கவிழ்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

நிமிர்ந்து கண்ணைத் துடைத்தவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

“தப்புதாம்பா” என்று எழுந்தாள். “மேடம் போன் பண்ணிட்டாங்களா? பையை எடுத்துட்டு வந்துடறேன்.”

போக மாட்டேன் என்று முகத்தைத் தூக்கியவள், இப்போது விட்டுவிட்டு வர வேண்டுமே என்று கண்கலங்கி நின்றாள்.

குட்டைமுடிக்காரி ஒருத்தி அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உட்காருங்க அங்கிள். திட்டறதுன்னா எங்களைத் திட்டுங்க. நாங்கதான் இவளைப் பிடிச்சு வச்சுக்கறோம்.”

அவர் உட்கார்ந்தார். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த மச்சினன் அசந்து போய் நின்றான். அத்தான் டீயை ஆற்றிக் குடித்தபடி, மீன் தூங்காது என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தான் இது? கூட்டிட்டுப் போகத்தானே வந்தோம்?”

“அப்படின்னு நீதான் சொன்ன. நான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“பார்த்தீங்கல்ல? இதுக்குத்தானா இவளைக் காலேஜுக்கு அனுப்பினீங்க?”

“இதுக்குத்தான்.”

மச்சினனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணுக்கும்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “பதினஞ்சு வயசுல எங்கப்பா என்னைக் கடையில உட்கார வச்சார். அதைக் குறை சொல்லல. தொழில் வந்துச்சு, குடும்பம் நல்லா ஓடுது. இந்த ஊர்ல பாதிப் பேரோட கண்ணாடி பவர் எனக்கு மனப்பாடம். எல்லாரும் என்னை ‘வாங்க சார், போங்க சார்’தான். ‘டேய்’னு கூப்பிட ஒருத்தன் கிடையாது. மனசு சரியில்லேன்னா போய் உட்கார ஒரு இடமும் கிடையாது. இவளும் அப்படியே ஆயிட்டு வந்தா. எனக்குப் பயமா இருந்துச்சு.”

மச்சினன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பெண் மூக்கை உறிஞ்சினாள். “அப்போ நான் இங்கேயே இருக்கலாமாப்பா?”

“இரும்மா. ஆனா நாளையிலேர்ந்து ஒழுங்கா கிளாஸுக்குப் போ” என்றார் அவர். “பேரை எடுத்துட்டாங்கன்னா, அப்புறம் இந்தக் கேன்டீன்ல உன்னை உட்கார விட மாட்டாங்க.”