அரியமுத்துவின் பேட்டி

கேசட்டைப் போட்டுவிட்டு, தன் குரல் வருவதற்கு முன்பே வைரக்கண்ணு தலையாட்டி ரசிக்கத் தொடங்கிவிட்டார்.

இருபத்தெட்டு வருடம் வானொலியில் உழவர் பேட்டி நடத்தியவர். ஓய்வு பெற்றதும் அரியலூர் வீட்டு மாடியில் ஆயிரத்து நூறு கேசட்டுகளை எண் போட்டு அடுக்கி, வாசலில் 'குரல் காப்பகம்' என்று போர்டும் மாட்டினார். தெருக்காரர்கள் அந்த மாடிப்படியை மிதிப்பதில்லை. இவர் கையில் மைக் கிடைத்த கல்யாணங்களில் முகூர்த்தமே தள்ளிப்போனதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இன்று தாமாக வந்து மாட்டியவர்கள் இரண்டு பேர். செந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்த மலர்க்கொடி, அவள் மகள் கவியா.

கவியா பிறந்த மூன்றாம் மாதம் அப்பா அரியமுத்து போய்விட்டார். ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. குரல் இல்லை. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வைரக்கண்ணு அவரைப் பேட்டி எடுத்திருந்தார்.

"நம்மகிட்ட இல்லாத குரலே இல்லம்மா."

கேசட் ஓடியது.

"வணக்கம் அரியமுத்து! கடலை வெளச்சல் எப்படி?"

பம்புசெட் சத்தம்.

"ஆகா! என்ன உரம் போட்டீங்க?"

பம்புசெட் சத்தம்.

மனுஷர் மைக்கைத் தன் வாயைவிட்டு நகர்த்தவே இல்லை. எந்தப் பேட்டியிலும் நகர்த்தியதில்லை. ஒலிபரப்பும்போது உழவரின் பதிலையும் ஸ்டுடியோவில் தானே சொல்லிவிடுவார் என்பதால், இத்தனை வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் உட்பட.

கவியா ஸ்பீக்கரோடு காதை ஒட்டி வைத்தாள். "அப்பா எங்கம்மா?"

வைரக்கண்ணு அவசரமாகச் சத்தத்தைக் கூட்டினார். பம்புசெட்தான் பலமாகக் கேட்டது.

மலர்க்கொடி சிரித்தாள். "உங்கப்பா எங்கடி பேசுனாரு? கலெக்டரே வந்து கேட்டாலும் தலையாட்டுறதோட சரி. வூட்டுலயும் அப்படித்தான். இந்தக் கேசட்டுலயும் தலைய ஆட்டிக்கிட்டுதான் நிக்கிறாரு, பாரு."

கவியாவும் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பம்புசெட் சத்தத்தைச் செல்போனில் பதிந்துகொண்டாள்.

வைரக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசல்வரை இறங்கி வந்து வழியனுப்பினார். "பாத்தீங்களா! ஆளு எப்படியோ, அச்சு அசலா அப்படியே பதிவாயிருக்கு!"

அவர் மேலே ஏறி வந்தபோது கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய குரல்தான். இளமையாக, சலிப்பாக.

"அட, போதும் அரியமுத்து! பொண்ணு பொறந்த கதையவே எவ்வளவு நேரந்தான் சொல்லுவீங்க? கடலைக்கு வாங்க."