வயிறு தள்ளிய சுவர்

ஐந்தாவது வரிசையிலேயே சுவர் வயிறு தள்ளிவிட்டது.

வேலிக்கு இந்தப் பக்கம் தன் வீட்டுப் பிளம் மரத்தடியில் நின்றிருந்த காவ்ரிலுக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் கொத்தனார் வேலை பார்த்த மனிதன். கோணல் சுவரைக் கண்டால் அவனுக்குப் பல் கூசும்.

அதுவும் யார் வீட்டுச் சுவர்? சொந்தத் தம்பி லாசருடையது.

அப்பா கட்டிய வீடு. ஊர் வழக்கப்படி கடைசிப் பிள்ளைக்குப் போனது. அதில் காவ்ரிலுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தம் வேறு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு முகப்பு கட்ட லாசர் பக்கத்து ஊர்க் கொத்தனாரைக் கூட்டிவந்தான். கூடப் பிறந்தவன் ஒருத்தன் வேலியோரம் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது!

அன்றைக்கு நின்ற பேச்சு. தம்பி ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும், ஓடியிருப்பான். தம்பி கூப்பிடவில்லை.

இந்த மார்ச் மழையில் வீட்டின் பின்னறை இடிந்து விழுந்தபோதும் கூப்பிடவில்லை. அதைப் பார்க்க ஏணியில் ஏறிக் காலை ஒடித்துக்கொண்டவன், தன் பாப்டிஸ்ட் சபையில் போய்ச் சொன்னான். சபை ஹாலந்தில் இருந்த வேறொரு சபைக்குக் கடிதம் எழுதியது. திங்கட்கிழமை அறையைத் திரும்பக் கட்டித்தர ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு பல் டாக்டர், இரண்டு பியானோ டீச்சர்கள், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாலைந்து பேர். தலைவி ஹென்னிக்கு அறுபது வயது, ஆறடி உயரம். தினமும் வேலை தொடங்குமுன் கைகோத்து நின்று பாடினார்கள். பாட்டில் குறை சொல்ல முடியாது. உச்சமும் கீழுமாக நாலு குரல் பிரிவும் பிசகாமல் சேர்ந்தன.

"நமக்கென்ன வந்துச்சு? அந்தப் பக்கம் பாக்காதீங்க, காப்பி ஆறுது" என்றாள் மனைவி சவேதா.

நாலு நாளாக இதையேதான் சொல்கிறாள். அவள் பார்க்காதே என்னும்போதெல்லாம் அவன் கண் அங்கேதான் போகிறது. அவளுக்கு அந்த வீட்டோடு சண்டை ஏதும் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து முட்டைக்கோஸ் அடை சுட்டு, தட்டுத் தட்டாக ஹாலந்துக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஹென்னி ஆறாவது வரிசையைத் தொடங்கினாள். கல்லுக்கு நேர் மேலே கல், இணைப்புக்கு நேர் மேலே இணைப்பு. அட்டைப்பெட்டி அடுக்குகிறவன்கூட அப்படி அடுக்கமாட்டான். ஏழாவது வரிசையையும் அப்படியே வைத்துவிட்டு, வேலிப் பக்கம் திரும்பி, காவ்ரிலைப் பார்த்துக் கலவை பூசும் கரணையை ஆட்டிச் சிரித்தாள்.

அவ்வளவுதான்.

வேலி தாண்டும்போது பேண்ட் கிழிந்ததை அவன் கவனிக்கவில்லை. ஈரக் கலவையோடு மேல் வரிசைகளைப் பிடுங்கிப் புல்லில் வீசினான். தனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்தான். ஹாலந்துக்காரர்கள் ஒரு சொல்லும் புரியாமல் கைதட்டினார்கள். அதில் இன்னும் சூடேறி, காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் திரும்பினான்.

"ஏண்டா, ஒடஞ்சது காலா கண்ணா? பக்கத்துல உக்காந்துக்கிட்டு இந்தக் கூத்தப் பாத்துட்டா இருக்க?"

ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"நீ கூலி வாங்கமாட்ட, அண்ணே. உன்கிட்ட சும்மா வேலை வாங்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அப்பவும் அதான், இப்பவும் அதான்."

"ஓசி வேலைக்கு ஹாலந்துலேருந்து ஆள் எறக்குவ, வேலிக்கு அந்தாண்ட ஒரு கொரல் குடுக்க மட்டும் கூச்சமாக்கும்?"

லாசர் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். காவ்ரிலுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்காகவா ஒன்பது வருஷம் என்று தன்மேலேயே கோபமும் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல் ஹென்னியிடமிருந்து கரணையை வாங்கினான்.

மதியத்துக்குள் சுவர் இடுப்பளவு எழும்பி நிமிர்ந்து நின்றது. பல் டாக்டர் செங்கல் எடுத்துக் கொடுத்தார், பியானோ டீச்சர்கள் கலவை குழைத்தார்கள். லாசர் நாற்காலியிலிருந்தபடியே ஒன்பது வருஷத்து ஊர்க்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். காவ்ரிலுக்கு அதெல்லாம் தெரிந்த கதைதான். ஆனாலும் ம், ம் என்று கேட்டுக்கொண்டான்.

அறையின் மற்ற இரண்டு சுவர்களை அவர்கள் முன்னமே எழுப்பியிருந்தார்கள். ஒன்று தோட்டத்தைப் பார்த்தது, மற்றது ஓடையைப் பார்த்தது. அவன் வீட்டிலிருந்து இரண்டுமே தெரியாது. அவை என்ன லட்சணத்தில் இருக்கின்றனவோ என்று சுத்தியலும் தூக்குக்குண்டுமாகக் கிளம்பினான்.

தோட்டத்துப் பக்கம் குண்டைத் தொங்கவிட்டான். நூல் மயிரிழைகூட விலகவில்லை.

ஓடைப் பக்கம் போய்த் தொங்கவிட்டான். அங்கேயும் அப்படியே. ஒவ்வொரு கல்லும் கீழே இருந்த இணைப்பின் மேல் முறையாக உட்கார்ந்திருந்தது. கலவை எங்கும் ஒரே கனம். அவனே கட்டியிருந்தாலும் இதைவிட நேராகக் கட்டியிருக்க முடியாது.

கோணல், அவன் வீட்டைப் பார்த்த சுவரில் மட்டும்தான்.

காவ்ரில் திரும்பி வந்தான். ஹென்னி காலித் தட்டை வேலிக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தாள். அதை வாங்கிக்கொண்ட சவேதா, புருஷன் முகத்தைப் பாராமல், காலையிலேயே காய்ந்துபோன துணிகளை மறுபடியும் ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள்.