மெத்தையில் தட்டடவு

“மெல்ல மிதி பிள்ளை! கீழ்வீட்டு வெள்ளைக்காரருக்குக் கேக்கப்போகுது.”

குகநேசன் கிசுகிசுத்தான். மகள் ஆரபி நடுக்கூடத்தில் விரித்த மெத்தையில் பரதநாட்டியத் தட்டடவு ஆடிக்கொண்டிருந்தாள். மெத்தை சத்தத்தோடு சேர்த்துத் தாளத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

ஒஸ்லோவின் ஓரத்தில் எல்லிங்ஸ்ருட் அப்படியொரு அமைதியான இடம். ஞாயிற்றுக்கிழமையில் நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். 2004 ஐப்பசியில் குடிவந்து நாலு மாதமாகியும், முன்பிருந்தவரின் ‘யொஹான்சன்’ என்ற பெயர்ப்பலகையைக் குகநேசன் தன் கதவிலிருந்து கழற்றவில்லை. தமிழ்ப் பெயரைக் கண்டால் தும்மினாலும் முறைப்பாடு வரும் என்று பயம்.

கீழ்வீட்டுக் கதவில் ‘பெர்க்’ என்றிருந்தது. ஆளை இன்னும் கண்டதில்லை. படியில் காலடி கேட்டாலே அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

“மைனஸ் பத்திலையும் குசினி யன்னலைத் திறந்து வைக்கிறார். வெள்ளைக்காரருக்குக் குளிர் பழகினதுதானே” என்று வியந்தபடி மனைவி சிறிதேவி தங்கள் குசினி யன்னலையும் திறந்தாள். அவளுக்குக் கருவாடு பொரிக்க வேண்டியிருந்தது.

ஆரபி பொத்தென்று மெத்தையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். “என்ரை காலிலை சத்தமே வரேல்லையாம். சனிக்கிழமை வகுப்பிலையும் இப்பிடி ஆடினால் டான்ஸ் டீச்சர் மேடை ஏத்தமாட்டாவாம்.”

குகநேசனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. “அழாதை. நான் போய் அவரிட்டைக் கேக்கிறன். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம். காலிலை விழுந்தெண்டாலும் கேக்கிறன்.”

கோட்டுப் போட்டு, டை கட்டி, சிறிதேவி சுட்ட கேக்கோடு இறங்கினான். நோர்வேஜிய மொழியில் நாலு வரியை மனப்பாடம் செய்தபடி மணியை அழுத்தினான்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஒரு கண் அவனை மேலும் கீழும் பார்த்தது. அடுத்த நொடி ஒரு கை, கேக் நசுங்க, அவனை உள்ளே இழுத்தது.

“தமிழோ அண்ணை? மெல்லக் கதையுங்கோ! இங்கை குடிவந்த நாலு மாசமா நான் மிருதங்கத்தை விட்டிட்டுத் தலையணையிலைதான் தட்டுறன். மேல்வீட்டு யொஹான்சன் மூச்சுக்கூட விடாத மனுசன், சரியான பொல்லாதவன்!”