தட்டைப் பாதம்

சண்டை நடந்த நாற்பத்திரண்டாம் வருஷம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, திண்டிவனத்துக் கூலிக்காரன் சவுரிராயனும் அவன் கூட்டாளி சின்னக்கண்ணுவும் விழுப்புரத்துக்கு வந்திருந்தார்கள். டாக்டர் சின்னக்கண்ணுவை எடுத்துக்கொண்டார். சவுரிராயனின் ஈரக்காலைத் தரையில் பதியவைத்துப் பார்த்தவர், "ஃபிளாட் ஃபுட்" என்று சீட்டில் எழுதிக் கழித்துவிட்டார்.

சவுரிராயன் அந்தச் சீட்டோடு கம்பவுண்டரிடம் ஓடினான்.

"ஐயா, இந்த நோவு எத்தினி நாள்ல உசுர வாங்குங்க?"

கம்பவுண்டர் சிரித்தார். "உசுருக்கு ஒண்ணும் இல்லப்பா. தட்டைப் பாதம்னு அர்த்தம். மத்தவங்களுக்கு உள்ளங்கால் நடுவுல குழிவா இருக்கும். உனக்குத் தோசைக்கல்லு மாதிரி இருக்குது."

"வலியே இல்லீங்களே?"

"மூட்டையைத் தூக்கிக்கினு பத்து மைல் நடந்து பாரு, தெரியும். சிப்பாய்க்கு அதானே வேலை? உன் கூட்டாளிக்குப் பாதம் வில்லு மாதிரி வளைஞ்சிருக்குது. அவன் எவ்வளவு தூரம் வேணா நடப்பான்."

சவுரிராயன் தலையைச் சொறிந்தான்.

"என்னப்பா யோசனை?"

"ரயிலை விட்டுட்டு ரெண்டு பேரும் நடந்தே வந்தோம்ங்க. கூட்டேரிப்பட்டு தாண்டினதும், கால்வலி தாங்கலன்னு அவன் ரோட்டுலயே உக்காந்துட்டான். அங்கேர்ந்து நான்தான் முதுகுல தூக்கிக்கினு வந்தேன். பட்டாளத்துல அவனை யாருங்க தூக்குவாங்க?"