பொருள் எண் 214

“பங்சார் கடைக் கொள்ளை கேஸ், சாட்சிப் பொருள் எண் 214. பதினோரு மணிக்குள்ள பி.ஜே. கோர்ட்டுல இருக்கணுமாம். இல்லேன்னா பிடிபட்ட மூணு பேரையும் விட்டுடுவாங்க.” இன்ஸ்பெக்டர் சண்முகரத்தினம் ஃபோனை வைத்தபடி சொன்னார்.

ஸ்டோர் ரூமுக்கு ஓடிய கார்ப்பரல் பாலன் வெறுங்கையோடு திரும்பினான்.

“அலமாரித் தட்டு காலி, துவான். தூசியில சதுரமா ஒரு தடம் மட்டும் இருக்கு லா.”

இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. “டேட்டாபேஸ் வந்த பிறகு இங்க ஒரு ஊசிகூடத் தொலையாதுன்னு மேலிடத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன். சந்திரகலா, தட்டிப் பாருங்க. எடுத்தவன் எவனா இருந்தாலும் இன்னைக்கே வேலை போகும்.”

பதிவு எழுதும் கிராணி சந்திரகலா எண்ணைத் தட்டினாள். திரையைப் படித்தவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“யாரு?”

“நீங்கதான், சார். சைன் பண்ணி எடுத்திருக்கீங்க.”

“நானா? எதை?”

“ரெண்டு வருஷம் முன்னால மேலிடத்துலேர்ந்து டேட்டாபேஸ் டிஸ்கெட் மட்டும்தான் வந்துச்சு, சார். மெஷின் வரல. ஸ்டோர்ல ஒண்ணு சும்மா கிடக்குதேன்னு நீங்கதான்...”

அவள் தன் முன்னால் இருந்த கம்ப்யூட்டரை மெல்லத் திருப்பினாள். பின்பக்கம் மங்கிய சீட்டு ஒட்டியிருந்தது. 214.

பாலன் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தான். “கொண்டு போயிரலாமா, துவான்? பிடிச்ச நாள்லேர்ந்து யாரும் இதைத் தொடலன்னு கோர்ட்டுல நீங்க சத்தியம் பண்ணணும்.”

இன்ஸ்பெக்டர் கீபோர்டைப் பார்த்தார். பாதி எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன.