நடுங்காத கிடா

கிரேக்க நாட்டில் ஒரு மலைக்கோயில். குறி கேட்க ஆள் வந்தால், கோயில் மந்தையிலிருந்து ஒரு கிடாவைப் பிடித்து, பூசாரி அதன் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றுவார். நடுங்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். வெட்டிவிட்டுக் குறி கேட்பார்கள். நடுங்காவிட்டால் கிடா பிழைத்தது. நம்மூர்க் கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்ததுதான், புதிதில்லை.

இந்த விஷயத்தை ஒரு கிடாவிடம் கோயில் காக்கை உளறிவிட்டது. அன்று முதல் கிடா விடியற்காலையில் எழுந்து, பனி உருகி வரும் ஓடையில் கழுத்தளவு நின்று பழகியது.

"பைத்தியமாடா உனக்கு? விறைச்சுச் சாகப்போறே," என்றது காக்கை.

"வெட்டுப்பட்டுச் சாகறதுக்கு இது தேவலை, அண்ணே."

கிடாவின் முறையும் வந்தது. உலகத்துக்கு மூலம் எது என்று கேட்க, ஒரு தத்துவக்காரர் சீடர்களோடு பத்து நாள் நடந்து வந்திருந்தார். பூசாரி ஒரு குடம் ஊற்றினார். கிடா அசையவில்லை. இரண்டாவது குடம். மூன்றாவது குடம். கல் மாதிரி நின்றது.

"சாமிக்கு மனசில்லை," என்று பூசாரி குடத்தைக் கீழே வைத்தார்.

தத்துவக்காரர் கிடாவையே உற்றுப் பார்த்தார். திடீரென்று, "கிடைத்துவிட்டது! மெய்யானது எதற்கும் அசையாது!" என்று கத்திக்கொண்டு அதன் காலில் விழுந்தார். சீடர்கள் அவசரமாக மெழுகுப் பலகையில் எழுதினார்கள். பிறகு எல்லோரும் கிடாவைச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"என்ன அண்ணே சொல்றார்?" கிடா பல்லைக் கடித்தபடி கேட்டது.

"உன்னைப் பார்த்து ஞானம் வந்துடுச்சாம். பெரிய ஆளாயிட்டேடா!"

"சந்தோஷம். சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்க. எனக்குத் தும்மல் வருது."