பாதிக் குமட்டல்

கீமோ ஏற்றிய நாட்களில் என் மனைவி மாதங்கியின் குமட்டலில் பாதியை மாடி வீட்டு அறவாழி வாங்கிக்கொள்வான். இருவர் மணிக்கட்டிலும் குமட்டலைப் பங்கிடும் ஒரே மாதிரிப் பட்டை. பதினாறு வருடப் புருஷன் என் உடம்பு பொருந்தவில்லையாம். கல்லூரியில் அவளோடு படித்தவன் உடம்பு பொருந்திவிட்டதாம்!

"பாவம், காலைலேர்ந்து வாந்தி எடுக்கறான். அவனுக்கும் கொஞ்சம் இஞ்சிச் சாறு குடுத்துட்டு வாங்களேன்," என்றாள்.

அவளுக்கென்றால் சாற்றைத் தெளியவைத்து, அடியில் தங்கும் வெள்ளை மண்டியைக் கொட்டிவிடுவேன். மண்டி வயிற்றைப் புரட்டும். அவன் தம்ளரில் அதையும் சேர்த்துக் கலக்கினேன். மேலே தேன் விட்டு, சிரித்த முகத்தோடு நீட்டினேன். கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"ரொம்ப நன்றிங்க," என்றான்.

அரைமணி கழித்து மாதங்கி வாளியின் மேல் குனிந்து குடலே வெளியே வருவதுபோல் ஓங்கரித்தாள்.

"இது என்னோடது இல்லைங்க," என்றாள் மூச்சு வாங்க. "அவனோடது. அவனுக்கு வந்தாலும் பாதி எனக்கு வந்துடும்."

பதறிப்போய் அவள் பட்டையைக் கழற்றப் போனேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். முழுசையும் அவன் ஒருத்தனே எப்படித் தாங்குவான்?"